கிழவியின் பாக்கி

"சும்மா உட்கார வைத்துச் சோறு போட்டால் ஜனங்கள் சோம்பேறியாகாமல் என்ன செய்வார்கள்?" என்று கேட்கிற கனவான்கள் நம் நாட்டில் பெருகிவிட்டார்கள். கல்யாணப் பந்தியில் கேட்கிறார்கள். ரயிலில் எதிர் ஸீட்டில் உட்கார்ந்துகொண்டு கேட்கிறார்கள். பத்திரிகைத் தலையங்கங்களில் இதையே இன்னும் கொஞ்சம் இலக்கணமாகக் கேட்கிறார்கள். அவர்கள் கையில் ஒரு பட்டியல் இருக்கிறது. மிக்ஸி, கிரைண்டர், டெலிவிஷன் பெட்டி என்று அது நீளுகிறது. அவற்றைப் பற்றி எனக்கும் சில அபிப்பிராயங்கள் உண்டு. அவை இன்னொரு நாளைக்கு இருக்கட்டும். ஆனால் அந்தப் பட்டியலின் நடுவிலே, சந்தடி சாக்கில், இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்களே, முதியோர் பென்ஷன் என்று, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

எழுபது வயதுக் கிழவி சோம்பேறியாகிவிடுவாளாம்! ஆகட்டுமே ஐயா! எட்டு வயதில் ஆடு மேய்க்கப் போனவள். பதின்மூன்று வயதில் நாற்றங்காலில் இறங்கியவள். பிள்ளை பெற்ற பதினாறாம் நாள் களையெடுக்கப் போனவள். அறுபது வருஷம் குனிந்த முதுகு இனிமேல் நிமிராது. அவள் இப்போதாவது சோம்பேறியாக இருக்கக்கூடாது என்று சொல்வதற்கு எப்பேர்ப்பட்ட நெஞ்சு வேண்டும்! ஐம்பத்தெட்டிலோ அறுபதிலோ ஓய்வு பெற்று, மாலை போட்டுக்கொண்டு, ஆபீஸ் காரில் வீட்டுக்கு வந்து இறங்கிய கனவான்தான் இதைச் சொல்கிறார் என்பதையும் கவனிக்க வேண்டும். அவருடைய சோம்பலுக்கு மாதம் பிறந்தால் பென்ஷன் வருகிறது. வரட்டும். வர வேண்டியதுதான். அதைப் பிடுங்கு என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கு ஒரு பெயர், இதற்கு ஒரு பெயர் என்று வைத்திருக்கிறோமே, அந்த அக்கிரமத்தைத்தான் சொல்ல வருகிறேன்.

பெயரிலேயே சூது இருக்கிறது. குமாஸ்தா வாங்குவது ஓய்வூதியம். எவ்வளவு அழகான சொல்! ஓய்ந்த பிறகும் ஊதியம். வேலை செய்த காலத்துச் சம்பளத்தின் தொடர்ச்சி என்று அந்தச் சொல்லே வாதாடுகிறது. கூலிக்காரக் கிழவி வாங்குவது உதவித்தொகை. சர்க்கார் காகிதங்களில் இங்கேயும் ஓய்வூதியம் என்று எழுதுவதுண்டு. ஆனால் மேடையில், பத்திரிகையில், தாலுகா ஆபீஸ் வராந்தாவில் அது உதவித்தொகைதான். உதவி என்றால் என்ன? கொடுக்கிறவர் மனசு வைத்தால் கொடுக்கலாம். மனசு மாறினால் நிறுத்தலாம். கொடுத்ததைச் சொல்லிக் காட்டலாம். வாங்குகிறவர் கும்பிட வேண்டும். கிராமத்து ஜனங்கள் இந்த இரண்டு சொல்லையும் ஒதுக்கிவிட்டு 'ஓ.ஏ.பி.' என்று இங்கிலீஷ் எழுத்துக்களைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அர்த்தம் தெரியாத எழுத்திலாவது அவமானம் இல்லாமல் இருக்கிறதே என்று நினைத்தார்களோ என்னவோ.

இதிலே ஒரு வேடிக்கை. 2023 செப்டம்பரில் தமிழ்நாட்டில் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்க ஆரம்பித்தபோது அதற்கு 'உரிமைத் தொகை' என்று பெயர் வைத்தார்கள். நல்ல பெயர். வீட்டு வேலையும் வேலைதான், அதற்குச் சமூகம் கடன்பட்டிருக்கிறது என்பதை சர்க்காரே ஒப்புக்கொண்ட பெயர். அப்படியானால், அதே வீட்டு வேலையையும் செய்து, அதற்கு மேல் வயல் வேலையும் செய்து முடித்த மாமியாருக்கு மட்டும் எப்படி அது உதவியாயிற்று? மருமகள் வாங்கினால் உரிமை, மாமியார் வாங்கினால் தர்மமா? அகராதியைத் திருத்துவதற்கு நிதி ஒதுக்கீடுகூட வேண்டியதில்லை. அதைக்கூட நாம் செய்யவில்லை.

பெயர் கிடக்கட்டும், தொகைக்கு வருவோம். கணக்கென்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே கொஞ்சம் பயம். ஆனாலும் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

1962 ஏப்ரல் முதல் தேதி. அப்போது இது சென்னை ராஜ்யம். காமராஜர் முதல் மந்திரி. ஆதரவற்ற முதியவர்களுக்கு மாதம் 20 ரூபாய் என்று அன்றைக்குத்தான் இந்தத் திட்டம் பிறந்தது. அதே 1962-இல் டில்லியில் திட்டக் கமிஷன் கூட்டிய நிபுணர் குழு ஒன்று, இந்த நாட்டில் ஒரு மனுஷன் மனுஷனாக உயிர் வாழ்வதற்குக் குறைந்தபட்சம் எவ்வளவு வேண்டும் என்று யோசித்தது. 1960-61 விலைவாசியில் தலைக்கு மாதம் 20 ரூபாய் என்று சொல்லிற்று. வைத்தியமும் படிப்பும் அதில் சேராது. அவை சர்க்காரின் பொறுப்பு என்று விட்டுவிட்டார்கள். இந்தக் குழுவைப் பார்த்து அந்த சர்க்கார் தொகையை நிர்ணயித்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு வருஷத்தில் இந்த நாட்டின் வறுமைக் கோடும் ஒரு கிழவியின் பென்ஷனும் ஒரே இடத்தில் நின்றன. அதற்குப் பிறகு விலைவாசி ஓடிற்று, கோடு நொண்டிக்கொண்டே கொஞ்ச தூரம் போயிற்று, பென்ஷன் உட்கார்ந்துவிட்டது.

தொழிலாளர்களுக்கான விலைவாசிக் குறியீட்டெண் என்று ஒன்றை சர்க்கார் மாதா மாதம் வெளியிடுகிறது. 1960-ஐ 100 என்று வைத்துக்கொண்டு பழைய வரிசையையும் புதிய வரிசையையும் இணைத்துப் பெருக்கினால், 2023 ஆகஸ்டில் அது 9,000-ஐத் தாண்டி நிற்கிறது. அதாவது 1962-இல் கொடுத்த 20 ரூபாயை அப்படியே, ஒரு காசு கூட்டாமல், கிழவியின் கையில் வைக்க வேண்டுமென்றாலே 2023 ஆகஸ்டில் சுமார் 1,700 ரூபாய் கொடுத்திருக்க வேண்டும். அந்த மாதத்தில் தமிழ்நாடு என்ன செய்தது? 1,000 ரூபாயை 1,200 ஆக்கியது. ஆக்கிவிட்டு விழாக் கொண்டாடியது. அந்த 1,000 ரூபாயும் 2011-இல் வைத்தது. பன்னிரண்டு வருஷம் அசையாமல் இருந்தது.

பஞ்சப்பாட்டுப் பாடிக்கொண்டிருந்த ஒரு ராஜ்யம், அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்துக்கொண்டிருந்த ஒரு தேசத்தின் மூலையில் இருந்துகொண்டு, கொடுத்தது 20 ரூபாய். கார் தொழிற்சாலைகளும் கணிப்பொறிக் கட்டடங்களும் வானத்தை முட்டி நிற்கிற காலத்தில் அதே ராஜ்யம் கொடுத்தது, அந்த 20 ரூபாயில் ஐந்தணா குறையாக ரூபாய்க்குப் பதினோரணா மாதிரி. அன்றைக்கு வெகு சிலருக்குக் கொடுத்தார்கள், இன்றைக்குப் பல லட்சம் பேருக்குக் கொடுக்கிறார்கள் என்பது உண்மை. அதை நான் மறுக்கவில்லை, பாராட்டவும் செய்கிறேன். ஆனால் பந்தியில் ஆள் அதிகமாகிவிட்டது என்பதற்காக இலைக்குப் பாதி அன்னம் வைக்கிற வீட்டை நாம் பெரிய மனுஷன் வீடு என்று சொல்வதில்லை.

மாநிலத்தையாவது இவ்வளவோடு விடலாம். மத்திய சர்க்காரின் பங்கு இருக்கிறதே, அதைச் சொல்லவே நாக் கூசுகிறது. 1995 சுதந்திர தினத்தில் 75 ரூபாய் என்று ஆரம்பித்தார்கள். 2006-இல் 200 ரூபாய் ஆக்கினார்கள். 2007-இல் இந்திரா காந்தியின் பெயரை வைத்தார்கள். 2011-இல் எண்பது வயது தாண்டியவர்களுக்கு மட்டும் 500 என்றார்கள். எண்பதை எட்டாதவருக்கு அந்த 200 ரூபாய் 2025 வரை 200 ரூபாயாகவே இருந்தது. பிரதமர்கள் மாறினார்கள், கட்சிகள் மாறின, நோட்டே மாறிற்று. இந்த 200 மட்டும் மாறவில்லை. இதை உயர்த்துங்கள் என்று பார்லிமெண்டின் நிலைக்குழு ஒரு தடவை அல்ல, பல தடவை எழுதிக் கொடுத்தாயிற்று. 2006-இன் 200 ரூபாய் 2025-இல் ஏறக்குறைய 60 ரூபாய்க்கு வாங்கக்கூடியதைத்தான் வாங்கிற்று. இன்னும் பின்னே போய்ப் பார்த்தால், 1995-இல் கொடுத்த 75 ரூபாயின் பாதி மதிப்புக்கூட அதற்கு இல்லை. முப்பது வருஷ முன்னேற்றத்தின் பலன், தொடங்கிய இடத்துக்குப் பாதி தூரம் பின்னால்!

எத்தனை பேருக்கு இது என்பதற்கும் ஓர் அளவு உண்டு. நாடு பூராவுக்கும் சுமார் 2 கோடியே 21 லட்சம் முதியவர்கள். அதற்கு மேல் மத்திய சர்க்கார் காசு கொடாது. இந்த எண்ணிக்கை எங்கிருந்து வந்தது? 2001-ஆம் வருஷத்து ஜனத்தொகையையும், 2004-05 வறுமைக் கணக்கையும் பெருக்கிக் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு இந்த நாட்டில் யாருக்கும் வயதாகவில்லை போலிருக்கிறது. அளவு நிரம்பிய இடத்தில் ஒரு கிழவர் கண்ணை மூடினால்தான் இன்னொரு கிழவருக்கு இடம். மாநிலங்கள் தங்கள் கைக்காசைப் போட்டு இதற்கு வெளியே இருக்கிறவர்களையும் சேர்த்துக்கொள்வதால்தான் விஷயம் இந்த அளவிலாவது மானத்தோடு இருக்கிறது.

விலைவாசி ஏறுவது சர்க்காருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தன் ஊழியர்களுக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை, ஜனவரிக்கும் ஜூலைக்கும், அகவிலைப்படி கணக்குப் போடுகிறது. கொரோனாக் காலத்தில் கொஞ்சம் நிறுத்தி வைத்தார்கள். பிறகு பழையபடி வந்துவிட்டது. அது நியாயம். அரிசி விலை ஏறினால் சம்பளமும் ஏற வேண்டும். ஆனால் ஒரே கடையில், ஒரே தராசில் பருப்பு வாங்குகிற இரண்டு பேரில், ஒருவருக்கு ஏறுகிற விலை இன்னொருவருக்கு ஏறுவதில்லையா?

இதற்கெல்லாம் சிகரம் பார்லிமெண்ட். 2018-ஆம் வருஷத்து நிதிச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். பார்லிமெண்ட் அங்கத்தினர்களின் சம்பளத்தையும் பென்ஷனையும் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை பணவீக்கக் குறியீட்டெண்ணைப் பார்த்துத் தானாகவே உயர்த்த வேண்டும் என்று. யாரும் கேட்க வேண்டாம்; மனுக் கொடுக்க வேண்டாம்; சபையில் கைதூக்கி, பத்திரிகையில் ஏச்சு வாங்கிக்கொள்ள வேண்டாம். கடிகாரம் மணி அடிப்பது மாதிரி நடக்கும். நடந்தது. 2025 மார்ச்சில் உத்தரவு வந்தது. சம்பளம் 1,00,000-லிருந்து 1,24,000. பென்ஷன் 25,000-லிருந்து 31,000. அதுவும் 2023 ஏப்ரல் முதல் முன்தேதியிட்டு. பாக்கி என்றால் என்ன என்று அவர்களுக்கு எவ்வளவு நன்றாகத் தெரிந்திருக்கிறது, பாருங்கள்! ஒரு மாஜி எம்.பி.க்குக் கூடிய 6,000 ரூபாய் மட்டுமே முப்பது கிழவிகளின் மாதப் பென்ஷன். அவர்களைப் பார்த்து 'இலவசம் வாங்கிச் சோம்பேறியாகிவிட்டார்கள்' என்று ரயில் கனவான் சொல்லி நான் கேட்டதில்லை.

நான் பொறாமையால் இதைச் சொல்லவில்லை. பணவீக்கத்தோடு பென்ஷன் உயர வேண்டும் என்ற தத்துவத்தை இந்த நாட்டின் சட்டமன்றம் ஏற்றுக்கொண்டுவிட்டது என்பதற்குச் சாட்சியாகத்தான் சொல்கிறேன். தத்துவத்தில் சண்டையே இல்லை. அது யாருக்குப் பொருந்தும் என்பதில்தான் சண்டை.

நீதிமன்றத்தில் கூட இப்படித்தான். 1982 டிசம்பர் 17-ஆம் தேதி, நகாரா என்பவர் தொடுத்த வழக்கில், சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் ஒரு பெரிய தீர்ப்பைச் சொன்னார்கள். பென்ஷன் என்பது எஜமானனின் தயவு அல்ல, வெகுமதி அல்ல, உழைத்த காலத்தில் ஓயாமல் உழைத்தவனுக்குத் தளர்ந்த காலத்தில் சேர வேண்டியது என்பது அதன் சாரம். சர்க்கார் ஊழியர்கள் அந்தத் தேதியை இன்றைக்கும் பென்ஷனர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். ஆனால் அந்தத் தீர்ப்பின் நியாயத்தை எடுத்துக்கொண்டு வயல்வரப்பில் நடந்து பாருங்கள். தயவு அல்ல, உழைப்புக்குச் சேர வேண்டியது என்பது ஃபைல் தைத்தவனுக்குப் பொருந்துமானால், நாற்று நட்டவளுக்குப் பொருந்தாமல் போவதற்கு என்ன காரணம்? அவளுக்கு நியமன உத்தரவு இல்லை என்பது ஒன்றுதான் காரணம். அவள் யாரிடம் வேலை பார்த்தாள் என்று கேட்டால் பத்துப் பண்ணையாரின் பெயரைச் சொல்லுவாள். அவர்களில் பாதிப் பேர் செத்துப்போனார்கள், மீதிப் பேர் நிலத்தை விற்றுவிட்டுப் பட்டணம் போனார்கள். அவள் நட்ட நெல்லை நான் தின்றிருக்கிறேன், நீங்கள் தின்றிருக்கிறீர்கள், தீர்ப்புச் சொன்னவர்களும் தின்றிருக்கலாம். ஆகவே எஜமானன் யார் என்ற கேள்விக்கு விடை இருக்கிறது. நாம் எல்லாருந்தான். அவளுக்குக் கொடுத்த கூலி எவ்வளவு என்பது நமக்குத் தெரியும். அந்தக் கூலியில் முதுமைக்கு மிச்சம் பிடிக்க முடியாது என்பதும் தெரியும். தெரிந்தே குறைத்துக் கொடுத்தோம். அந்தக் குறைதான் பாக்கி என்பது என் கட்சி.

பாக்கி என்று ஒப்புக்கொண்டால், பல கேள்விகள் கேட்கக்கூடாத கேள்விகளாகிவிடும். முதல் கேள்வி: 'உனக்குப் பிள்ளை இருக்கிறானா?'

ஒரு தாலுகா ஆபீஸில் வேறொரு காரியமாக நான் காத்திருந்தபோது இந்தக் கேள்வி என் காதில் விழுந்தது. கேட்டவர் முப்பது வயது குமாஸ்தா. பதில் சொன்னவள் எழுபதைத் தாண்டிய கிழவி.

"ஏம்மா, உனக்குத்தான் பிள்ளை இருக்கானே?"

"இருக்கான்யா. திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்கான். வாடகை போக அவன் புள்ளைங்களுக்கே பத்தல. நான் வேற போயி அவன் சோத்துல கை வைக்கவா?"

குமாஸ்தா பதில் சொல்லவில்லை. அவர் பேரில் குற்றமில்லை. படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இருக்கிறது, அதை நிரப்ப வேண்டும். 'ஆதரவற்றவர்' என்பதே இந்தத் திட்டத்துக்குப் பிறவியிலேயே வந்த நிபந்தனை. வயது வந்த பிள்ளை இருந்தால் ஆதரவு இருக்கிறது என்று அர்த்தம் பண்ணிவிட்டார்கள். விதிகளைப் பலமுறை தளர்த்தியிருக்கிறார்கள். கேள்வி மட்டும் இன்னும் வராந்தாவை விட்டுப் போகவில்லை. அந்தக் குமாஸ்தா ஓய்வு பெறுகிறபோது, 'உங்கள் மகன் அமெரிக்காவில் இருக்கிறானே, உங்களுக்கு எதற்கு பென்ஷன்?' என்று எவரேனும் கேட்பார்களா? கேட்டால் சங்கம் சும்மா விடுமா? 2003-க்குப் பிறகு வேலையில் சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் இல்லை என்றானபோது அவர்கள் வருஷக்கணக்காகத் தெருவில் இறங்கிப் போராடினார்கள். நான் அவர்கள் பக்கந்தான். கிழவிக்குத்தான் சங்கம் இல்லை.

பெற்றோரைக் காப்பாற்றாத பிள்ளையைத் தண்டிக்க 2007-இல் ஒரு சட்டம் வந்தது. மாதம் 10,000 ரூபாய் வரைக்கும் ஜீவனாம்சம் வாங்கித் தரலாமாம். பங்களாவில் இருந்துகொண்டு தாயைத் திண்ணையில் தள்ளிய மகனுக்கு அது சரியான சவுக்கு. ஆனால் பனியன் கம்பெனிக்காரனை விசாரணைக்கு இழுத்து என்ன வாங்குவது? அவன் கொடுக்காதது மனசில்லாமல் அல்ல. அவன் தாய்க்குக் கூலி குறைத்தவர்கள் அவனுக்கும் குறைத்தே கொடுக்கிறார்கள்.

கைநாட்டு இன்னொரு கூத்து. பெரிய ஆபீஸர் ஓய்வு பெற்றால், உயிரோடு இருக்கிறேன் என்று வருஷத்துக்கு ஒரு முறை அத்தாட்சி கொடுத்தால் போதும். கிழவி பாங்க் முகவரின் கருவியில் விரலை வைத்து மாதந்தோறும் தன் உயிரை நிரூபிக்க வேண்டும். அந்தக் கருவி விரல் ரேகையைத் தேடுகிறது. ரேகை எங்கே இருக்கும்? சேற்றிலும் செங்கல்லிலும் சாம்பலிலும் அறுபது வருஷம் தேய்த்தாயிற்று. எந்த உழைப்புக்காகக் காசு கொடுக்க வேண்டுமோ, அந்த உழைப்பே காசு வாங்க முடியாமல் செய்கிறது. விரலைத் தலைமயிரில் தேய்த்து, முந்தானையில் துடைத்து, 'நல்லா அமுக்கு பாட்டி' என்று மூன்று தடவை அதட்டு வாங்கி, நாளைக்கு வா என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். முன்பெல்லாம் தபால்காரர் வீட்டுக்கே மணியார்டர் கொண்டுவருவார். ஐந்தோ பத்தோ அவர் கையில் நிற்கும் என்பதும் ஊரறிந்த விஷயம். ஆனாலும் பாட்டி, நலமா என்று ஒரு வார்த்தை கேட்பார்.

'ரேஷனில் அரிசி இலவசம், ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம், பிறகு காசு எதற்கு?' என்று கேட்கிறவர்களும் உண்டு. கேள்வி நியாயம் மாதிரித்தான் தோன்றும். கேட்கிறவர் வெறும் சோற்றை மட்டும் தின்று பழகியவராக இருந்தால் பதில் சொல்லலாம். அரிசிக்குப் பருப்பு வேண்டும், புளி வேண்டும், எண்ணெய் வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போக வர பஸ்ஸோ ஆட்டோவோ வேண்டும். அதையெல்லாம் விடுங்கள். கிழவிக்கு வெற்றிலை பாக்கு வேண்டும். ஆமாம், வெற்றிலை பாக்கு! சர்க்கார் காசில் வெற்றிலையா என்று புருவத்தைத் தூக்காதீர்கள். உங்கள் பென்ஷனில் நீங்கள் காப்பி குடிக்கிறீர்களா என்று நான் கேட்டேனா?

இன்னும் ஒன்று இருக்கிறது. இது எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது; குடும்பங்களை உற்றுப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட என் போன்றவர்களுக்குத்தான் தெரியும். இடுப்பில் சுருக்குப்பை காலியாக இருக்கிற கிழவிக்கும், அதில் இரண்டு நூறு ரூபாய் நோட்டு மடித்து வைத்திருக்கிற கிழவிக்கும் வீட்டில் நடக்கிற மரியாதை ஒன்றல்ல. மருமகள் காப்பி டம்ளரைத் தரையில் வைக்கிற சத்தத்திலேயே அது தெரிந்துவிடும். பேரன் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் 'ஆயா, காசு' என்று எந்தக் கிழவியிடம் ஓடுகிறானோ, அவள் அந்த வீட்டில் இன்னும் ஒரு மனுஷி. ஒரு முறுக்கு வாங்கிக் கொடுக்கிற சக்தி இருக்கும் வரையில் அவளுக்கு அந்தக் குடும்பத்தில் ஓர் இடம் இருக்கிறது. சண்டை வந்தால் அவள் பேச்சுக்கும் ஒரு காது இருக்கிறது. மகளுக்கு உடம்பு சரியில்லை என்றால், யாரையும் கேட்காமல் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். மருமகளைக் கொடுமைக்காரி ஆக்குவதற்காக நான் இதைச் சொல்லவில்லை. அவளும் எண்ணி எண்ணிச் செலவழிக்கிறவள். பற்றாக்குறை என்கிற பிசாசு வீட்டில் நடமாடினால், முதலில் அது உட்காருவது கிழடுகளின் தலையில்தான்.

இந்தப் பற்றாக்குறையை அளக்கிறவர்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். 2011 செப்டம்பரில் திட்டக் கமிஷன் சுப்ரீம் கோர்ட்டில் ஒரு பிரமாணப் பத்திரம் கொடுத்தது: பட்டணத்தில் நாளொன்றுக்கு 32 ரூபாயும், கிராமத்தில் 26 ரூபாயும் செலவழிக்க முடிந்தவன் ஏழை அல்ல என்று. ஊரே சிரித்தது. சிரித்ததில் நியாயம் இருந்தது. ஆனால் அன்றைக்கு ஒருவரும் கவனிக்காதது ஒன்று: மத்திய சர்க்கார் கிழவிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது நாளொன்றுக்கு ஆறே முக்கால் ரூபாய்க்கும் குறைவு. ஊர் சிரித்த அந்தக் கோட்டில் கால்வாசி உயரத்துக்குத்தான் அது எட்டிற்று. ஏழையைக் கண்டுபிடிக்க ஒரு கோடு, ஏழைக்குக் கொடுக்க வேறொரு கோடு!

பிறகு திட்டக் கமிஷனே போயிற்று. 2015-இல் நிதி ஆயோக் வந்தது. ரூபாய்க் கணக்கை விட்டுவிட்டுப் பல பரிமாண வறுமை என்று பன்னிரண்டு குறைகளை எண்ணுகிற முறை வந்தது. 2019-21 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட ஏழைகள் நூற்றுக்கு 2.20 பேர்தானாம். சந்தோஷம். பள்ளிக்கூடம், மின்சாரம், குடிதண்ணீர் இவற்றில் இந்த மாநிலம் பல மாநிலங்களுக்கு முன்னால் நிற்கிறது என்பதில் எனக்கும் பெருமை உண்டு. ஆனால் அந்தப் பன்னிரண்டில் ஊட்டச்சத்து என்கிற குறையை எப்படி அளக்கிறார்கள் என்று படித்துப் பார்த்தேன். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை, 15 முதல் 49 வயது வரை பெண், 15 முதல் 54 வயது வரை ஆண், இவர்களை நிறுத்துப் பார்க்கிறார்கள். அவ்வளவுதான். ஐம்பது வயதான பெண் இளைத்திருந்தாலும், எலும்பாயிருந்தாலும் அந்தக் கணக்கில் அவள் உடம்புக்கு எடையே கிடையாது. ஒரு வீட்டில் கிழவனும் கிழவியுமாக இரண்டே பேர் பட்டினி கிடந்தால், அந்த வீட்டில் ஊட்டச்சத்துக் குறை இல்லை என்று பதிவாகும். இன்னொரு குறை, வீட்டில் ஒருவருக்குமே பாங்க் கணக்கு இல்லாமல் இருப்பது. பென்ஷன் போடுவதற்காகக் கிழவிக்கு ஒரு கணக்குத் திறக்கிறார்கள் அல்லவா, அந்தக் கணத்திலேயே அவள் வீட்டின் வறுமையில் ஒரு பங்கு ஒழிந்துவிடுகிறது. கணக்கில் காசு விழுந்ததா என்பது வேறு விஷயம்.

வறுமை ஒழிந்துவிட்டது என்று அறிக்கை வாசிக்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. கிழவியை நிறுத்துப் பார்க்காமல் சொல்கிறார்கள்.

கடைசியாக, எல்லா வாதமும் தோற்ற பிறகு எடுக்கிற பிரம்மாஸ்திரம்: பணம் இல்லை. அரசியல் சட்டத்தின் 41-வது பிரிவிலேயே அதற்கு இடம் வைத்திருக்கிறார்கள். முதுமையிலும் நோயிலும் அரசு உதவி செய்ய வேண்டும், தன் பொருளாதார சக்திக்கு உட்பட்டு. அந்தச் சக்தியைத்தான் பார்ப்போமே. 2025-26 மத்திய பட்ஜெட் 50 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். முதியோர், விதவைகள், ஊனமுற்றோர் எல்லாருக்குமாகச் சேர்த்து இந்தப் பென்ஷன் இனத்தில் ஒதுக்கியது 9,652 கோடி. நூறு ரூபாய்க்கு இருபது பைசா கூட இல்லை. அதற்கு முந்தைய வருஷத்திலும் இதே 9,652 கோடிதான். இதைச் சக்தியின் எல்லை என்று சொன்னால், சட்டம் எழுதியவர்களே சிரிப்பார்கள்.

'என் வரிப்பணம்' என்று ரயில் கனவான் மார்தட்டுகிறார். கிழவி வாங்குகிற சோப்புக் கட்டியில் வரி இருக்கிறது. அவள் செருப்பில் வரி இருக்கிறது. அவள் வருமான வரி கட்டவில்லை என்றால், வருமானம் இல்லாததுதான் காரணம். வரி கட்டிய ரசீது அவளிடம் இல்லை. அதைத்தான் அவர் தெம்பாகப் பயன்படுத்திக்கொள்கிறார்.

தேர்தல் வந்தால் மட்டும் பணம் எங்கிருந்தோ வருகிறது. பீகாரில் 400 ரூபாயாகப் பல வருஷம் கிடந்த பென்ஷன், 2025-இல் தேர்தலுக்குச் சில மாதம் முன்னால் ஒரே பாய்ச்சலில் 1,100 ஆயிற்று. ஆந்திரத்தில் 2024 தேர்தல் வாக்குறுதியின்படி ஜூலையிலிருந்து 4,000. கொடுத்தார்களே என்று நான் மகிழ்கிறேன். 4,000 கொடுத்தும் கோதாவரி வற்றிவிடவில்லை என்பதையும் குறித்துக்கொள்கிறேன். ஆனால் கிழவியின் பசிக்கும் வாக்குச் சாவடிக்கும் முடிச்சுப் போட்டது யார்? ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு கை அள்ளிக் கொடுத்துவிட்டு, நடுவில் நாலு வருஷம் விலைவாசி தின்னட்டும் என்று விடுவதற்குப் பெயர் தாராளம் அல்ல.

நான் கேட்பது புதிய தத்துவம் எதுவும் இல்லை. புதிய சட்டம் எழுதக்கூட யாரும் சிரமப்பட வேண்டாம். 2018-இல் எழுதிய பிரிவு தயாராக இருக்கிறது. அதன் வாசகத்தை அப்படியே எடுத்து, 'பார்லிமெண்ட் அங்கத்தினர்' என்று இருக்கிற இடத்தில் 'அறுபது வயது நிரம்பிய கூலிக்காரர்' என்று போட வேண்டும். ஐந்து வருஷம் என்பதை ஒரு வருஷம் என்று திருத்த வேண்டும். ஏனென்றால் எண்பது வயதுக்காரிக்கு ஐந்து வருஷத் தவணை கொடுக்கிற கடன்காரனை யாரும் யோக்கியன் என்று சொல்லமாட்டார்கள். முன்தேதியிடுவதையும் மறக்கக்கூடாது. 2006-லிருந்து போடலாம். வட்டியை வேண்டுமானால் கிழவி விட்டுக்கொடுப்பாள்.